ஜெர்மனுக்கு இங்கிலீஷ் வழியாகப் போகாதீர்கள்

ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் போக நான் எழுதிய ஜெர்மன் மொழி பி2 தேர்வில் முதல் தடவை பேச்சுப் பகுதியில் எனக்கு நூற்றுக்கு 52. தேற 60 வேண்டும். வாசிப்பில் 77, கேட்பதில் 63, எழுத்தில் 63 என்று மற்ற மூன்றிலும் தேறிவிட்டேன். பேச்சில் போய் விழுவேன் என்று யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். என் வாயை மூட வைக்கத்தான் வார்டில் ஆள் தேடுவார்கள்.

கோதே இன்ஸ்டிட்யூட் (இந்தியாவில் மாக்ஸ் முல்லர் பவன்) நடத்தும் இந்தத் தேர்வில் ஒரு நல்ல விஷயம் உண்டு. பி1, பி2 என்ற இரண்டு நிலைகளிலும் நான்கு பகுதிகளும் தனித்தனி. விழுந்ததை மட்டும் மறுபடி எழுதலாம். மூன்று மாதம் கழித்து இந்திராநகர் மாக்ஸ் முல்லர் பவனுக்கே திரும்பப் போய்ப் பேச்சை மட்டும் கொடுத்தேன். 77 வந்தது. அந்த மூன்று மாதத்தில் நான் மாற்றிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்.

நான் படித்த வகுப்பில் எல்லாமே இங்கிலீஷ் வழி. தமிழில் நினைத்து, இங்கிலீஷுக்கு மாற்றி, அங்கிருந்து ஜெர்மனுக்குப் போவேன். பெங்களூரிலிருந்து ஓசூருக்கு மைசூரைச் சுற்றிக்கொண்டு போன கதை. போய்ச் சேர்வதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

ஒரு நைட் ட்யூட்டியில் ஏசி அதிகமாக இருந்தது. கூட இருந்த மலையாளிப் பெண்ணிடம் ஜெர்மனில் 'மியர் இஸ்ட் கால்ட்' என்றேன். வகுப்பில் இதை 'விதிவிலக்கு, மனப்பாடம் செய்யுங்கள்' என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மியர் என்றால் 'எனக்கு'. எனக்குக் குளிருது! இதில் என்ன விதிவிலக்கு? தலைவலிக்கு 'மியர் டூட் டேர் கோப்ஃப் வே', எனக்குத் தலை வலிக்குது. பிடித்திருக்கிறது என்றால் 'எஸ் கெஃபெல்ட் மியர்', அங்கேயும் 'எனக்கு'. இங்கிலீஷ்காரனுக்குத்தான் இது தலைகீழ், நமக்கு நேர்.

அடுத்து வினைச்சொல். 'வைல்' (ஏனென்றால்), 'தாஸ்' (என்று) மாதிரிச் சொற்கள் வந்தால் வினை கடைசிக்குப் போய்விடும் என்பதற்கு எங்கள் வகுப்பில் இரண்டு வாரம் ஓடியது. 'வைல் இஹ் ஹாய்டே நாஹ்ட்டீன்ஸ்ட் ஹாபெ.' வைலை எடுத்துவிட்டு மீதியை வரிசையாகத் தமிழில் போட்டுப் பாருங்கள்: நான், இன்றைக்கு, நைட் ட்யூட்டி, இருக்கு. வினை நம் வீட்டு வழக்கப்படி கடைசியில்தான் உட்கார்ந்திருக்கிறது. வாசிப்புப் பகுதியில் பயமுறுத்தும் நீண்ட அடைமொழிகளும் இப்படித்தான். 'டேர் கெஸ்டன் ஓபெரீர்டெ பட்சியென்ட்' என்பது 'நேற்று ஆபரேஷன் ஆன பேஷண்ட்'. இங்கிலீஷ் 'தி' மாதிரி முன்னால் வரும் டேரைத் தவிர ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. நீங்கள், நீ என்பதற்கு அங்கே ஸீ, டூ. யாரிடம் எதைச் சொல்வது என்று நமக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு. சாதாரண வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்கும். அங்கே நம் பழக்கம் காலை வாரும். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் டேர், டீ, தாஸ் என்ற பால் பாகுபாட்டுக்கு எந்தக் குறுக்கு வழியும் இல்லை, சொல்லோடு சேர்த்தே படிக்க வேண்டும். சிறுமியை அஃறிணை மாதிரி 'தாஸ் மெட்ஷென்' என்கிறார்களே என்று நானும் சிரித்தேன். அப்புறம்தான் 'குழந்தை அழுகிறது' என்று நாமும் சொல்வது உறைத்தது.

எண்கள் வேறு வகை ஆபத்து. 54ஐ 'நாலும் ஐம்பதும்' என்ற வரிசையில் சொல்வார்கள். பயிற்சியில் 45 என்று எழுதிவிட்டு, இது மருந்து அளவாக இருந்திருந்தால் என்று நினைத்து வியர்த்தேன். இடது பக்கம் ஓர் இடம் விட்டு முதலில் ஒன்றின் இலக்கத்தை எழுதி, பிறகு பத்தின் இலக்கத்தை நிரப்பப் பழகினேன். ஒரு மாதத்தில் கை பழகிவிட்டது.

பேச்சுத் தேர்வு சுமார் 15 நிமிடம். தயார் செய்ய அதற்கு முன் 15 நிமிடம் தருவார்கள். இரண்டு தலைப்பில் ஒன்றை எடுத்து நான்கு நிமிடம் பேச வேண்டும், அதன் பின் ஜோடியாக ஒரு விவாதம். முதல் தடவை உருப்போட்ட வாக்கியங்களை ஒப்பித்தேன். ஜோடி ஒரு குறுக்குக் கேள்வி கேட்டதும் நின்றுவிட்டேன். இரண்டாவது தடவை குறிப்புத் தாளில் ஐந்தாறு சொல் மட்டும், அதுவும் பாதி தமிழில். அந்த மலையாளிப் பெண்ணும் நானும் தினமும் டீ நேரத்தில் ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசிப் பழகியிருந்தோம். அவள் மொழியிலும் வினை கடைசியில்தான், அதனால் இரண்டு பேருக்கும் ஒரே மருந்து வேலை செய்தது.

எழுத்துப் பகுதி 75 நிமிடம். 150 சொல்லில் ஒரு கருத்துப் பதிவு, 100 சொல்லில் ஒரு கடிதம். முதலாவதிலேயே மூழ்கிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

இனி விசா. நம் படிப்பில் எது குறைகிறது என்று ஜெர்மன் மாநில அதிகாரிகள் தரும் 'டெஃபிட்சிட்பெஷைட்' கடிதம், வேலை ஒப்பந்தம், மொழிச் சான்றிதழ் எல்லாம் சேர்ந்துதான் ஃபைல். அங்கே போய்ப் பயிற்சி முடித்தோ, அறிவுத் தேர்வு எழுதியோ அந்தக் குறையைத் தீர்த்த பிறகுதான் முழு நர்ஸ். விசாக் கட்டணம் 75 யூரோ.

நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. கர்நாடகத்துக்கும் கேரளத்துக்கும் பெங்களூரு ஜெர்மன் துணைத் தூதரகம், தமிழ்நாட்டுக்குச் சென்னை. என் ஆதாரில் தருமபுரி, குடியிருப்பது பெங்களூரு மர்ஃபி டவுன். இங்கே குடியிருப்பதைக் காட்ட வாடகை ஒப்பந்தத்தை முன்கூட்டியே சரிசெய்து வைத்ததால் பிழைத்தேன். இன்னொன்று இனிஷியல். நர்சிங் சான்றிதழில் ஓரெழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர். மொழித் தேர்வுக்குப் பதியும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரைக் கொடுங்கள். என்னோடு படித்த ஒருத்தி இனிஷியலோடு பதிந்துவிட்டு, சான்றிதழ் வந்த பிறகு திருத்தம் கேட்டு அலைந்தாள்.

போன மாதம் ஃபைலைக் கொடுத்துவிட்டேன். அப்பா பெயர்தான் இப்போது என் குடும்பப் பெயர். ஜெர்மனியிலிருந்து வரும் கடிதமெல்லாம் 'மதிப்புக்குரிய திருமதி ராமசாமி' என்றுதான் தொடங்குகிறது. ஊரில் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.