பி.வி.ஆர். கேள்வியும் ஸ்டீராய்டும்: எம்.எஸ். கண் மருத்துவத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

தேர்வில் விழித்திரை விலகல் நோயாளி கிடைத்தால் பேச்சு எங்கே போய் முடியும் என்பது ஓரளவு தெரிந்ததுதான். நோய் வரலாறு, பரிசோதனை, படம், அறுவைச் சிகிச்சை என்று நகர்ந்து, “சரி, ஒட்டவைத்த விழித்திரை ஆறாவது வாரத்தில் மறுபடி பிரிந்துவிட்டது, ஏன்?” என்பார்கள். பி.வி.ஆர். (proliferative vitreoretinopathy, விழித்திரையின்மேல் தழும்புப் படலம் வளர்ந்து அதை இழுப்பது) என்று சொல்வோம். உடனே அடுத்தது வரும்: “அதைத் தடுக்க ஸ்டீராய்டு கொடுப்பீர்களா?” கொடுப்பேன் என்று சட்டென்று சொல்பவருக்கும், பயனில்லை என்று சட்டென்று சொல்பவருக்கும் அதன் பிறகு நேரம் நன்றாக இருக்காது.

சேலத்தில் முதுநிலை படித்துத் தேர்வை முடித்தவள் என்ற முறையில் என் முதல் யோசனை, மருந்தை விட்டுவிட்டு நோயிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான். விழித்திரையில் கிழிசல் விழுந்ததும் அதன் அடியிலுள்ள நிறமி எபிதீலியச் செல்கள் அந்த வழியாக விட்ரியஸுக்குள், அதாவது கண்ணை நிரப்பியிருக்கும் ஜெல்லிக்குள், சிதறுகின்றன. கிரையோ (உறையவைக்கும்) சிகிச்சை, ரத்தக்கசிவு, அறுவைச் சிகிச்சை எல்லாம் சேர்ந்து ரத்தத்துக்கும் விழித்திரைக்கும் இடையிலான தடுப்பை உடைக்கின்றன. சீரம் புரதங்களும் வளர்ச்சிக் காரணிகளும் உள்ளே வருகின்றன. சிதறிய செல்கள் தம் இயல்பை இழந்து நார்ச்செல்களைப்போல் மாறி, விழித்திரையின் இருபுறமும் படலமாகப் படிகின்றன. பிறகு அந்தப் படலம் வெயிலில் காயும் வாழையிலையைப்போலச் சுருங்கி, விழித்திரையையும் இழுத்துக்கொண்டு போகிறது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் இது சுமார் நூற்றில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு வருகிறது. சிகிச்சை தோற்பதற்கு முதன்மையான காரணமும் இதுதான்.

இந்த வரிசை மனத்தில் இருந்தால் ஸ்டீராய்டு எந்த இடத்தில் வேலை செய்யும் என்பது தானே விளங்கும். தடுப்பு உடைவதும் அழற்சியும் அதன் எல்லைக்குள் வருகின்றன. செல் மாற்றமும் படலம் சுருங்குவதும் அவ்வளவாக வருவதில்லை. உருவாகிவிட்ட படலத்தை ஸ்டீராய்டு கரைக்காது, உரித்துத்தான் எடுக்க வேண்டும். “அழற்சியைக் குறைக்கும், ஆகவே பி.வி.ஆரைத் தடுக்கும்” என்ற வாக்கியத்தில் அந்த ‘ஆகவே’யைத்தான் தேர்வாளர் பிடிப்பார்.

யாருக்கு ஆபத்து அதிகம் என்ற பட்டியலை நான் புத்தகத்திலிருந்து மனப்பாடம் செய்யவில்லை. வெளிநோயாளிப் பிரிவில் உட்கார்ந்தாலே போதும். மற்றக் கண் நன்றாகத் தெரிகிறது, காப்பிப் பழம் பறித்து முடியட்டும் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு ஏற்காட்டிலிருந்து இறங்கி வருபவர்கள் உண்டு. நாள்பட்ட விலகல், பெரிய கிழிசல், விட்ரியஸில் ரத்தக்கசிவு, கோராய்டும் (விழித்திரைக்கு வெளியே உள்ள ரத்தநாள அடுக்கு) சேர்ந்து பிரிந்திருப்பது, முன்பே தொடங்கிவிட்ட பி.வி.ஆர். ஆகியவற்றை ஒவ்வொரு முகத்தோடு சேர்த்து நினைவில் வைத்தால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மறக்காது. இவற்றில் கோராய்டு விலகலைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே அழற்சி கடுமையாக இருக்கும், கண் அழுத்தமும் மிகவும் தாழ்ந்திருக்கும். அறுவைக்கு முன்பே ஸ்டீராய்டு தொடங்கும் வழக்கம் பலரிடம் உள்ள சூழல் அது. பொதுவான கேள்விக்குச் சொல்லும் பதிலை அதற்கும் ஒட்டவைக்கக் கூடாது.

பி.வி.ஆரின் நிலைகளைப் பிரிக்கும் வகைப்பாட்டை நீட்டி முழக்க வேண்டாம். 1983-இல் வந்தது, 1991-இல் திருத்தப்பட்டது. ஏ என்றால் விட்ரியஸ் மங்கலும் நிறமித் துகள்களும், பி என்றால் விழித்திரையின் உட்புறச் சுருக்கமும் கிழிசல் விளிம்பு சுருண்டிருப்பதும், சி என்றால் முழுத்தடிமன் மடிப்புகள். சி-யில் முன்புறம், பின்புறம் என்று பிரித்து, கடிகார மணி அளவில் எழுதினால் போதும்.

ஆய்வுகளைப் படிக்கும்போது நான் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். முடிவைப் படிக்குமுன், யாருக்குக் கொடுத்தார்கள், எந்த வழியில், எப்போது, எதை அளந்தார்கள் என்பதை ஓரத்தில் எழுதிவிடுவேன். விட்ரெக்டமியை (விட்ரியஸை அகற்றும் அறுவையை) தந்த ராபர்ட் மாக்கெமரின் குழு, 1980-இல் முயல் கண்களில் டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டைச் செலுத்திப் படல வளர்ச்சி குறைவதைக் காட்டியது. நம்பிக்கை அங்கிருந்துதான் கிளம்பியது. மனிதர்களிடம் வந்தபோது கதை அவ்வளவு இனிப்பாக இல்லை. சி நிலை பி.வி.ஆருக்குச் சிலிக்கான் ஆயில் (விழித்திரையை உள்ளிருந்து தாங்கும் எண்ணெய்) வைத்த கண்களில் டிரையாம்சினலோன் சேர்த்துப் பார்த்த ஆய்வில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் வரவில்லை. 2017-இல் லண்டனிலிருந்து வெளிவந்த, 140 பேர் கொண்ட ஆய்வில் மெதுவாகக் கரையும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உள்வைப்பைப் பயன்படுத்தினார்கள். மறு அறுவை இல்லாமல் விழித்திரை நிலைத்திருந்தவர்கள் இரு பிரிவிலும் ஏறத்தாழப் பாதிதான். மாக்குலா (விழித்திரையின் மையப்பகுதி) வீக்கம் மட்டும் மருந்துப் பிரிவில் குறைந்திருந்தது. வீக்கம் குறைந்ததைப் பி.வி.ஆர். குறைந்ததாகச் சொல்லிவிடும் மாணவர்கள் இங்கே மதிப்பெண் இழக்கிறார்கள். அந்த நோயாளிகளுக்கு ஏற்கெனவே பி.வி.ஆர். இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வந்த பிறகு சிகிச்சை தருவதும் வருமுன் தடுப்பதும் இரண்டு வேறு கேள்விகள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி மருந்து கண்ணுக்குள் தங்கும் காலம். விட்ரியஸ் அகற்றப்படாத கண்ணில் டிரையாம்சினலோனின் அரை ஆயுள் (மருந்து பாதியாகக் குறைய ஆகும் காலம்) சராசரி 18 நாட்களுக்கு மேல் என்றும், அகற்றப்பட்ட கண்ணில் சுமார் 3 நாட்கள் என்றும் 2003-இல் அளந்து எழுதினார்கள். நோய் உருவாவதோ வாரக்கணக்கில். படலம் பின்னப்படும் நேரத்தில் மருந்து வீட்டைக் காலி செய்துவிட்டிருக்கும். இதை நீங்களாகவே எடுத்துச் சொன்னால் தேர்வாளரின் குரலே மாறும். இன்னொன்று, அறுவையின்போது விட்ரியஸ் தெரிவதற்காக அதே டிரையாம்சினலோனைத் தெளிப்பார்கள். அது பார்ப்பதற்கு, தடுப்பதற்கு அன்று. அறுவைக்குப் பின் எல்லோருக்கும் எழுதும் பிரெட்னிசலோன் சொட்டு மருந்தும் அப்படித்தான். அறுவையால் வரும் அழற்சிக்காக அதைத் தருகிறோம். பி.வி.ஆர். தடுப்புக்கு என்று சொல்லிக்கொள்ள நம்மிடம் உறுதியான சான்று இல்லை.

ஸ்டீராய்டு கொடுக்கும் வழியைக் கேட்டால் அதற்குக் கொடுக்கும் விலையையும், அதாவது பக்கவிளைவையும், சொல்லுங்கள். செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் சர்க்கரை நோயாளிக்கு மாத்திரையாகப் பிரெட்னிசலோன் எழுதினால், விழித்திரைக்கு என்ன ஆகுமோ, ரத்தச் சர்க்கரை நிச்சயம் ஏறும். கண்ணுக்குள் ஊசி என்றால் கண்புரை, கண் அழுத்தம், அரிதாக உட்கண் கிருமித்தொற்று.

அழுத்தம் பற்றிய கேள்வி கட்டாயம் வரும், காலத்தை வைத்துப் பதில் சொல்லுங்கள். அறுவைக்குப் பின் முதல் ஓரிரு நாட்களில் கண் அழுத்தம் ஏறினால் விரியும் கேஸ் (விழித்திரையைத் தாங்கக் கண்ணுக்குள் நிரப்பும் வாயு), அதிகமாக நிரப்பியது, கண்பாவை அடைப்பு ஆகியவற்றைத் தேட வேண்டும். இரண்டு மூன்று வாரம் கழித்து ஏறினால் ஸ்டீராய்டுச் சொட்டை முதலில் சந்தேகிக்கலாம். மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஸ்டீராய்டால் ஓரளவாவது அழுத்தம் கூடும். மாதங்கள் கழித்து என்றால் சிதறித் துளியான சிலிக்கான் ஆயில். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் அதே சொட்டை வாங்கி ஊற்றிக்கொண்டே இருப்பவர்கள் நம் ஊரில் குறைவில்லை. ஆகவே ‘இப்போதும் ஊற்றுகிறீர்களா’ என்று நோயாளியிடம் கேட்டதாக உங்கள் வரலாற்றில் ஒரு வரி இருக்கட்டும்.

இங்கே படிப்பவர்களுக்கு மட்டும் கிடைக்கும் ஒரு பாடமும் உண்டு. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு 1,500 மீட்டர் அளவில். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் காற்றழுத்தம் அவ்வளவு குறைந்துவிடும், கண்ணுக்குள் வைத்த கேஸ் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு விரியப் பார்க்கும். கண்ணின் உள்ளே இருப்பதே சுமார் 4 மில்லிலிட்டர் இடம். 3 மில்லிலிட்டர் கேஸ் கூடுதலாக அரை மில்லிலிட்டர் கேட்டால் கண் எங்கே போகும்? அழுத்தம் எகிறும், வலிக்கும், பார்வை நரம்புக்கு ரத்த ஓட்டமே நின்றுபோகலாம். விமானத்தில் போகாதீர்கள் என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. நம் நோயாளி விமானம் ஏறப்போவதில்லை, மாலை பஸ்ஸில் ஏற்காடு மலையிலுள்ள நாகலூருக்குத்தான் போகப்போகிறார்.

எனவே டிஸ்சார்ஜ் அறிவுரை எழுதச் சொன்னால், குப்புறப் படுப்பதோடும் சொட்டு மருந்தோடும் நிறுத்த வேண்டாம். வைத்த கேஸ் எஸ்.எஃப்.6 என்றால் சுமார் இரண்டு வாரம், சி3எஃப்8 என்றால் ஆறு முதல் எட்டு வாரம், கேஸ் கரைந்துவிட்டதாக மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை மலை ஏறக் கூடாது என்று எழுதுங்கள். கீழே அஸ்தம்பட்டியிலோ கன்னங்குறிச்சியிலோ தங்க உறவினர் வீடு உண்டா என்று அறுவைக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். இல்லையென்றால் சிலிக்கான் ஆயிலைப் பற்றி யோசிக்கலாம், ஆயில் உயரத்தில் விரிவதில்லை. அதை எடுக்க இன்னொரு அறுவை தேவைப்படும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். வேறு நோய்க்காக மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் கேஸை விரியவைக்கும் நைட்ரஸ் ஆக்சைடு கூடாது என்ற குறிப்பும் அதே தாளில் இருக்கட்டும்.