மாலை ஏழு மணிக்குப் பிறகு: ஒரு விடுதிப் பள்ளி ஆசிரியையின் நாட்குறிப்பு

2024 ஜூன் 12, புதன், ஏற்காடு

பள்ளி திறந்துவிட்டது. ஏழாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கரூர்ப் பையனின் கோப்பை இன்று எடுத்துப் படித்தேன். 'கவனக்குறைவு, சோம்பல், கையெழுத்து மோசம்' என்பது பழைய பள்ளியின் குறிப்பு. விடுதியில் விட்டால் ஒழுங்குக்கு வந்துவிடுவான் என்று அப்பா எழுதியிருக்கிறார். இப்படிப்பட்ட கோப்புகளைப் பார்த்தாலே எனக்கு மனம் கொதிக்கிறது.

மதியம் அவனை அழைத்துக் காவிரியைப் பற்றிக் கேட்டேன். மாயனூர் கதவணை, மணல் லாரிகள், ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்று மடை திறந்தாற்போலப் பேசினான். அதையே நான்கு வரி எழுதச் சொன்னேன். பென்சிலைச் சீவத் தொடங்கினான். சீவிக்கொண்டே இருந்தான்.

ஜூன் 20, வியாழன்

சொல்வதெழுதுதல் கொடுத்து, அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து கையைக் கவனித்தேன். 'கொடி' என்றேன். முதலில் 'க' எழுதினான். அடுத்துக் கால் போட்டான். பிறகு திரும்பி வந்து, இடமே இல்லாத இடத்தில் கொம்பை நுழைத்தான். அவன் காது சரியாகத்தான் கேட்கிறது: ககரம் முதலில், ஒகரம் பின்னால். எழுத்திலோ கொம்பு முன்னால் வந்து நிற்கிறது. ஒலியின் வரிசை ஒன்று, எழுத்தின் வரிசை வேறு. மற்றப் பிள்ளைகள் இரண்டாம் வகுப்பிலேயே யோசிக்காமல் தாண்டிவிடும் இந்த இடத்தில் இவன் ஒவ்வொரு முறையும் நின்று யோசிக்கிறான். 'கப்பல்', 'தங்கம்', 'மகன்' மூன்றிலும் ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிப்பதும் அவனுக்குப் புதிதாகவே இருக்கிறது. ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் களைத்துப்போகிறான். இதைச் சோம்பல் என்று எழுத எப்படி மனம் வந்தது?

டிஸ்லெக்சியாவாக, அதாவது படிப்பதையும் எழுதுவதையும் கடினமாக்கும் கற்றல் குறைபாடாக இருக்கலாம். முறையான மதிப்பீடு இல்லாமல் உறுதியாகச் சொல்லக்கூடாது. ஆனால் உதவியைத் தொடங்க அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நாளை முதல் மணல் தட்டு: ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதவேண்டும். நோட்டில் கொம்புகள் எல்லாம் சிவப்பில்.

ஜூலை 2, செவ்வாய்

இன்று மாலை ஸ்டடி நேரத்தில் விடுதிக்குப் போனேன். ஏழு மணி முதல் எட்டரை வரை கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். அந்த அமைதிதான் இவனுக்குப் பகை. கண்ணால் மட்டும் படித்தால் இவனுக்கு ஒன்றும் ஏறாது. வாய்விட்டுப் படிக்கவேண்டும், இல்லையென்றால் யாராவது படித்துக் காட்டவேண்டும். வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு அம்மாவோ அக்காவோ அடுப்படியில் நின்றபடியே பாடத்தைப் படித்துச் சொல்வார்கள். விடுதியில் அது யார்? பகலில் நான் கொடுக்கும் நாற்பது நிமிடங்களை இந்த ஒன்றரை மணி நேரம் தின்றுவிடுகிறது. போதாக்குறைக்கு, எழுத்துப் பிழைக்கு ஐம்பது முறை இம்போசிஷன். நோட்டை வாங்கிப் பார்த்தேன். முதல் சில வரிகள் சரி. அதன் பிறகு ஐம்பதாவது வரை பிழையையே மனப்பாடம் செய்திருக்கிறான்.

வார்டனிடம் பேசினேன்.

"எண்பது பிள்ளைகள் டீச்சர். ஒருவன் சத்தமாகப் படித்தால் எல்லார் காதும் அங்கே போய்விடும்."

"உள்ளே வேண்டாம் சார். தாழ்வாரத்துப் பெஞ்சு போதும்."

சிறிது நேரம் யோசித்தவர், பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை அவரே அழைத்துச் சொன்னார். அவன் படித்துக் காட்டுவான். இவன் கேட்டுத் திருப்பிச் சொல்வான். இம்போசிஷன் நிறுத்தம். மனிதர் கண்டிப்பானவர், ஆனால் காரணத்தைச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்.

ஜூலை 10, புதன்

சலவைச் சீட்டில் அவன் எழுதியதற்கும் மூட்டைக்குள் இருந்ததற்கும் சம்பந்தமே இல்லை. இரண்டு சட்டைகள் போயே போய்விட்டன. சட்டை, கால்சட்டை, துண்டு என்று படம் போட்ட சீட்டு தயாரித்துக் கொடுத்தேன். பக்கத்தில் எண்ணிக்கைக்குக் கோடு போட்டால் போதும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் அதையே கேட்கிறார்கள்.

ஜூலை 28, ஞாயிறு

பெற்றோர் வந்திருந்தார்கள். கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் என்றதும் அப்பாவின் முகம் சுருங்கியது. "ஊனமுற்றோர் சான்றிதழா மிஸ்? நாளைக்குப் பையனை யார் மதிப்பார்கள்?"

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் சேர்த்திருப்பதைச் சொன்னேன். இது அறிவுக் குறைவு இல்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். எங்களுடையது சிபிஎஸ்இ பள்ளி. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். கேள்வியைப் படித்துச் சொல்லவோ சொல்வதை எழுதவோ ஆள் வைத்துக்கொள்ளலாம். இரண்டு மொழிகளுக்குப் பதில் ஒன்றோடு நிற்கலாம். பத்தாம் வகுப்புக்கு வந்தபின் அவசர அவசரமாக மருத்துவமனைக்கு ஓடும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். இவர்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

"அப்படியென்றால் தமிழை விட்டுவிடலாமா?" என்றார் அப்பா உடனே. இப்போதே முடிவு செய்யாதீர்கள் என்றேன். அவன் கதை சொல்வதும் சண்டை போடுவதும் கனவு காண்பதும் தமிழில். எழுத வரவில்லை என்பதற்காக அதைப் பிடுங்கிவிட நான் உடன்படமாட்டேன்.

அதுவரை பேசாமல் இருந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: "கடைக்கு வரும் கடிதங்களை இவரும் என்னிடம்தான் படிக்கக் கொடுப்பார், மிஸ்." அப்பா ஜன்னல் பக்கம் பார்த்தார். இது குடும்பவழி வருவதுண்டு; அதை அவரிடம் பக்குவமாக விளக்கினேன். புறப்படும்போது, மதிப்பீட்டுக்கு எந்த நாளில் வரவேண்டும் என்று அவரே கேட்டார்.

செப்டம்பர் 19, வியாழன்

காலாண்டுத் தேர்வு. அவனுக்குத் தனி அறை, கூடுதல் நேரம், கேள்வியைப் படித்துச் சொல்ல ஓர் ஆசிரியை. "மற்றவர்களுக்கு இது அநியாயம் இல்லையா?" என்று ஆசிரியர் அறையில் ஒருவர் கேட்டார். கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதும் பிள்ளையிடம் யாரும் இதைக் கேட்பதில்லையே என்றேன். சமூக அறிவியலில் ஒரு கேள்வியையும் விடாமல் எழுதியிருக்கிறான். இதுவரை அவன் தாளில் பாதி வெறுமையாகத்தான் இருக்கும். இந்தியில் இன்னும் திணறுகிறான்.

விடுமுறையில் சேலத்தில் மதிப்பீடு. என் கவனிப்புக் குறிப்புகளையும் அவனுடைய நோட்டுகளின் நகலையும் உறையில் போட்டுவிட்டேன். படித்துக் காட்டும் பெரிய பையனுக்கு இந்த ஆண்டு பொதுத்தேர்வு. நவம்பரில் அவனை விடுவித்தாகவேண்டும். அந்த இடத்துக்கு வார்டன் இரண்டு பிள்ளைகளைச் சொல்லியிருக்கிறார். நாளை மாலை அவர்களைத் தாழ்வாரத்தில் சந்திக்கிறேன்.