ஜெர்மனிக்குப் பின்னால் வரும் துணைக்கு முதல் ஆறு மாதம்

ஜெர்மனியில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு ஆபீஸ், சம்பளக் கணக்கு, மதியச் சாப்பாட்டுக்கு நாலு பேர் எல்லாம் தானாக அமைந்துவிடும். சில மாதம் கழித்து ஃபேமிலி விசாவில் வரும் மனைவிக்கோ கணவருக்கோ அமைவது ஒரு வீடும் அந்த வீட்டு வைஃபை பாஸ்வேர்டும்தான். வாடகை ஒப்பந்தம், கரண்ட் கனெக்‌ஷன், வங்கி ஆப் எதுவும் அவர் பெயரில் இருக்காது. மூன்றாம் மாதம் "எனக்கு இங்கே பிடிக்கலை" என்று அவர் சொன்னால், குளிர், பாஷை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அது பாதிதான். எதற்கெடுத்தாலும் இன்னொருவரைக் கேட்டு நிற்க வேண்டியிருப்பது மீதிப் பாதி. குளிரை ஒன்றும் செய்ய முடியாது. இந்த மீதியை முதல் இரண்டு மாதத்தில் பெருமளவு சரிசெய்துவிடலாம்.

முதல் வேலை லெட்டர்பாக்ஸ். அபார்ட்மென்ட்களில் பெரும்பாலும் ஃப்ளாட் நம்பர் கிடையாது. தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். நம் ஊர் பாஸ்போர்ட்டுகளால் இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. கணவரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் அவருடைய அப்பா பெயர், மனைவியின் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர். பெட்டியில் "செல்வராஜ்" என்று மட்டும் இருந்தால் "முருகேசன்" பெயருக்கு வரும் கடிதம் அப்படியே திரும்பிப் போகும். திரும்பிப் போவது சாதாரணக் கடிதமும் இல்லை: வரி எண், இன்ஷூரன்ஸ் கார்டு, வங்கி கார்டு, அதற்கான பின் நம்பர் எல்லாம் தபாலில்தான் வரும். அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே லெட்டர்பாக்ஸிலும் காலிங்பெல்லிலும் இரண்டு பெயரையும் போட்டுவிடுங்கள். ஒரே மாதிரிப் பெயர்ப்பலகை வைத்திருக்கும் கட்டிடமென்றால் ஹவுஸ்ஃபெர்வால்டுங்குக்கு (கட்டிட நிர்வாகம்) ஒரு மெயில் போட வேண்டும். பலகை வரும்வரை பேப்பரில் எழுதி டேப் ஒட்டினாலே போதும்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருப்பவர்களுக்கு இன்னும் கஷ்டம். ஒவ்வொரு அலுவலகமும் அதை ஒவ்வொரு விதமாக நிரப்பும். பிறகு வங்கியில் ஒரு பெயர், இன்ஷூரன்ஸில் ஒரு பெயர் என்று ஆகிவிடும். விசாவுக்கு முன்பே ஊரில் பாஸ்போர்ட்டைத் திருத்திக்கொள்வது நல்லது. முடியாவிட்டால், அன்மெல்டுங் (முகவரிப் பதிவு) முடிந்ததும் கவுண்டரில் தரும் தாளை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துவிட்டு எழுந்திருங்கள். பின்னால் வரும் பல இடங்களில் அந்தத் தாளைப் பார்த்துத்தான் பெயரை எழுதுவார்கள்.

அன்மெல்டுங் வீட்டுக்கு வந்த இரண்டு வாரத்துக்குள் செய்ய வேண்டியது. பாஸ்போர்ட், துணையின் பெயர் போட்டு வீட்டு ஓனர் தரும் உறுதிக் கடிதம், திருமணச் சான்றிதழ், பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்த அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பு ஆகியவை கையில் இருக்க வேண்டும். சான்றிதழை விட்டுவிட்டுப் போனால் "திருமணமானவர்" என்று பதிவாகாமல் போகலாம். அப்படி ஆனால் உங்கள் சம்பளத்தில் வரி, திருமணமாகாதவருக்கான வகுப்பு 1இலேயே நின்றுவிடும். பெரிய நகரங்களில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரிய விஷயம். டிக்கெட் போட்ட அன்றே முயற்சி செய்யுங்கள். மற்றவர்கள் கேன்சல் செய்த நேரங்கள் காலையில் அலுவலகம் திறக்கும் சமயத்தில் கண்ணில் படும்.

அடுத்தது பணம். ஜாயின்ட் அக்கவுண்ட் இருந்தாலும் அவர் பெயரில் தனியாக ஒரு கணக்கு வேண்டும். வீடியோ வழியாக அடையாளம் சரிபார்க்கும் முறை சில வங்கிகளில் இந்திய பாஸ்போர்ட்டுக்கு எடுபடாது. தபால் நிலையத்தில் நேரில் காட்டும் வழியையோ பக்கத்தில் கிளை உள்ள வங்கியையோ பாருங்கள். கணக்கு திறந்ததும் மாதம் ஒன்றாம் தேதி ஒரு தொகை தானாகப் போய்ச் சேரும்படி டவுவர்ஆஃப்ட்ராக் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் "ஒரு நூறு யூரோ அனுப்புங்க" என்று கேட்க வைப்பதைப் போல மனசைத் தேய்ப்பது வேறில்லை. ஊரில் வேலை பார்த்துச் சம்பாதித்தவருக்கு இது இன்னும் உறைக்கும். கூடவே டாய்ச்லாண்ட் டிக்கெட் ஒன்று எடுத்துக் கொடுங்கள். 2026 ஜனவரியிலிருந்து அது மாதம் 63 யூரோ. நாடு முழுக்க பஸ், ட்ராம், லோக்கல் ரயில் எல்லாவற்றிலும் செல்லும், ஐசிஇ, ஐசி போன்ற தொலைதூர ரயில்களில் செல்லாது. நிறுத்த நினைத்தால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும். ஊர் நம்பரை ரோமிங்கில் உயிரோடு வைத்திருக்கச் சொல்லுங்கள், ஓடிபி அதற்குத்தான் வரும். அவருடைய இந்திய சேமிப்புக் கணக்கையும் என்ஆர்ஓ (வெளிநாட்டில் வசிப்பவருக்கான) கணக்காக மாற்ற வேண்டும். உங்கள் கணக்கை மாற்றியது அவருக்குச் சேர்த்தி இல்லை.

உங்கள் இன்ஷூரன்ஸ் அரசு முறையிலானது என்றால், வருமானம் இல்லாத துணை கூடுதல் கட்டணம் இல்லாமல் அதிலேயே சேர்ந்துகொள்ளலாம். பிரைவேட் என்றால் அவருக்குத் தனி ஒப்பந்தம், தனிச் செலவு. கார்டு வந்தவுடன், உடம்புக்கு ஒன்றும் இல்லாதபோதே ஒரு ஹவுஸ்ஆர்ட்ஸ்டை, அதாவது குடும்ப டாக்டரைப் பார்த்துப் பதிந்து வையுங்கள். காய்ச்சல் வந்த பிறகு தேடினால் "புது நோயாளிகளை எடுப்பதில்லை" என்ற பதில்தான் அடிக்கடி வரும். மகப்பேறு மருத்துவர் கிடைக்கப் பல வாரம் ஆகலாம். டாக்டோலிப் என்ற டாக்டர் அப்பாயின்ட்மென்ட் தளத்தில் ஆங்கிலம் பேசும் டாக்டர்களைத் தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். உயிருக்கு ஆபத்து என்றால் 112. ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அவசரம், ஆனால் ஆம்புலன்ஸ் தேவைப்படாத நிலை என்றால் 116117. இரண்டையும் ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு தடவை செய்தால் முடிகிற வேலை. முடியாத வேலை ஒன்று உண்டு: முதலில் வந்தவர் எல்லாவற்றையும் தானே செய்துவிடுவது. அன்பால்தான் செய்கிறோம். நமக்கு ஐந்து நிமிடத்தில் முடிவது அவருக்கு ஒரு மணி நேரம் ஆகும் என்ற அவசரமும் அதில் இருக்கிறது. ஆறு மாதம் இப்படியே போனால் பால் வாங்கக்கூடத் தனியாகக் கிளம்பத் தயங்கும் நிலை வந்துவிடும். அதற்குப் பதிலாக ஒரு இலாகாவை முழுசாகக் கையில் கொடுங்கள். கரண்ட், இன்டர்நெட் ஒப்பந்தம் நல்ல தொடக்கம். கட்டணத்தை ஒப்பிடுவது, பழையதை கேன்சல் செய்வது, மீட்டர் ரீடிங் அனுப்புவது எல்லாமே இணையத்தில், நிதானமாக, மொழிபெயர்ப்பு ஆப் துணையோடு செய்யக்கூடியவை. தப்பு நடந்தாலும் நஷ்டம் சிறியது.

வந்து சேரும் கடிதங்களையும் அப்படியே செய்யலாம். சனிக்கிழமை காலை இருபது நிமிடம் சேர்ந்து உட்காருங்கள், ஆனால் உறையை அவரே பிரிக்கட்டும். ஒவ்வொரு கடிதத்திலும் மூன்றை மட்டும் பேனாவால் வட்டமிட வேண்டும்: அனுப்பியவர் யார், கோப்பு எண் எது, "பிஸ் ட்ஸும்" (இந்தத் தேதி வரை) என்ற சொற்களுக்குப் பின்னால் வரும் தேதி எது. அந்தத் தேதிதான் கெடு. மஞ்சள் உறையில் வந்தால் உறையைத் தூக்கிப் போடக் கூடாது. அது அதிகாரபூர்வமாக ஒப்படைத்த கடிதம். உறை மேல் தபால்காரர் எழுதிய தேதியிலிருந்துதான் கெடுவைக் கணக்கிடுவார்கள். பத்துக் கடிதம் பார்த்த பிறகு ஜெர்மன் ஆபீஸ் மொழியில் பாதி பிடிபட்டுவிடும், எல்லோரும் அதே இருபது வாக்கியத்தைத்தான் எழுதுகிறார்கள்.

ப்ளூ கார்டு (பட்டதாரி வேலையாட்களுக்கான அனுமதி) வைத்திருப்பவரின் துணைக்கு விசாவுக்காக ஏ1, அதாவது ஆரம்ப நிலை ஜெர்மன், தேர்ச்சி தேவையில்லை. இது சலுகைதான், ஆனால் பலர் ஒரு வார்த்தை தெரியாமல் வந்து இறங்குவதும் இதனால்தான். சென்னையில் விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனிலோ ஆன்லைனிலோ ஏ1 முடித்துவிட்டு வந்தால் இங்கே முதல் குளிர்காலம் வீணாகாது. வந்த பிறகு எந்த வகுப்பு என்பதற்குக் கணக்கு போட்டுப் பாருங்கள். புதிதாக வருபவர்களுக்காக அரசு நடத்தும் இன்டெக்ரேஷன் கோர்ஸில் பி1 (இடைநிலை) வரை 600 பாடவேளை, அதன் பிறகு நாட்டைப் பற்றி 100 பாடவேளை. ஒரு பாடவேளை 45 நிமிடம். வாரம் 20 பாடவேளை என்று காலையில் போனால் 600 முடிய 30 வாரம். "வேலை முடிந்து வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன், நீ சாயங்காலம் போ" என்று வாரம் 6 பாடவேளை போனால் 100 வாரம், கிட்டத்தட்ட இரண்டு வருடம். பலர் ஏ2வில் நின்றுவிடுவது இங்கேதான். காலை வகுப்புக்கு இன்னொரு பலனும் உண்டு. எட்டரை மணிக்கு உடுத்திக் கிளம்ப ஒரு இடம் இருக்கும், காபி இடைவேளையில் அதே தடுமாற்றத்தோடு பேசும் உக்ரைன்காரர், சிரியாக்காரர், பிரேசில்காரர் பழக்கமாவார்கள். இவர்களோடு பேசும் உடைந்த ஜெர்மன்தான் சீக்கிரம் நாக்கில் ஏறும். ரெசிடென்ஸ் கார்டுக்கு விண்ணப்பிக்கும்போதே இன்டெக்ரேஷன் கோர்ஸுக்கு அனுமதி உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் நீங்கள் இருக்கும் நகரத்து ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலெயில் (பெரியவர்களுக்கான பொதுக் கல்வி நிலையம்) பணம் கட்டிச் சேரலாம்; செப்டம்பரிலும் பிப்ரவரி-மார்ச்சிலும் பருவம் தொடங்கும், இடம் அதற்கு முன்பே நிரம்பிவிடும்.

சமையலறை விஷயம் சுருக்கமாக. ஊர் மிக்ஸி, கிரைண்டர் இங்கேயும் ஓடும், அதே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும். குழிவான அடி உள்ள வாணலி கண்ணாடி அடுப்பில் சரியாகச் சூடேறாது, தட்டை அடி வேண்டும். இண்டக்‌ஷன் என்றால் காந்தம் ஒட்டுகிற பாத்திரம் மட்டும். இட்லி மாவு குளிர்காலத்தில் வெளியே வைத்தால் பொங்காது. ஓவனுக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு ராத்திரி முழுக்க வையுங்கள். இரவு பத்து மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும் கிரைண்டரைத் தொட வேண்டாம். சோறும் சாம்பாரும் கொதிக்கிற ஆவி சுவரில் படிந்து கரும்பூஞ்சை பிடிக்கும், ஓனர் டெபாசிட்டில் கைவைப்பார். தினம் இரண்டு மூன்று தடவை ஜன்னலை முழுக்கத் திறந்து ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். நாள் முழுக்கச் சாய்த்துத் திறந்து வைத்தால் சுவர் குளிர்ந்து பூஞ்சை கூடத்தான் செய்யும். இட்லி அரிசி, முருங்கைக்காய், நல்லெண்ணெய் எல்லாம் ஈழத்தமிழர் கடைகளில் கிடைக்கும். அங்கே பேச்சுத்துணையும் சேர்ந்தே கிடைக்கும். மேற்கு ஜெர்மனியில் ரூர் பக்கம் இருப்பவர்கள் ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்கு ஒரு ஞாயிறு போய் வரலாம்.

தேதி உங்கள் கையில் இருந்தால் மார்ச், ஏப்ரலில் வரவழையுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும், நீங்கள் வீடு திரும்ப ஆறு மணி. அந்த நேரத்தில் வந்து இறங்குபவர் வெயிலைப் பார்க்காமலே ஊரை எடைபோட்டுவிடுகிறார். மழை தூறினாலும் பதினொன்றிலிருந்து ஒன்றுக்குள் ஒரு தடவை வெளியே போக ஏதாவது காரணம் இருக்கட்டும், நூலகமோ நீச்சல்குளமோ. ஊருக்குப் பேசுவதிலும் கவனம் தேவை. இந்தியா கோடையில் மூன்றரை, குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இங்கே காலை பத்து மணிக்கு அங்கே வீட்டில் எல்லோரும் ஃப்ரீ, அதனால் இங்கத்திய காலைப்பொழுது முழுக்க வீடியோ காலிலேயே போய்விடும். பேச வேண்டாம் என்று சொல்லவில்லை. வகுப்பு முடிந்து மதியத்துக்கு மாற்றுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் சரியில்லாமல் எதிலும் பிடிப்பு இல்லையென்றால், அதை ஊர் ஏக்கம் என்று தள்ளிப்போடாமல் ஹவுஸ்ஆர்ட்ஸ்டிடம் சொல்லுங்கள்.

இதை வெளிப்படையாகச் சொல்பவர் குறைவு: பாஸ்போர்ட்டும் ரெசிடென்ஸ் கார்டும் அவரவரிடமே இருக்க வேண்டும். வீட்டில் அடி, மிரட்டல் என்றால் 116016 பெண்களுக்கான இலவச உதவி எண், இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். ஜெர்மனியில் மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்த பிறகு திருமணம் முறிந்தாலும் துணைக்குத் தனியாகத் தங்கும் உரிமை வருகிறது. கொடுமை நடந்த வழக்குகளில் அதற்கு முன்பும் கேட்கலாம்.

வேலைக்கு வருவோம். துணைக்கு முதல் நாளிலிருந்தே எந்த வேலையும் செய்ய அனுமதி உண்டு. விசாவிலும் பிறகு கார்டிலும் "எர்வெர்ப்ஸ்டேடிக்கைட்" (சம்பாதிக்கும் வேலை) அனுமதிக்கப்பட்டது என்ற வரி இருக்கும். ஹெச்ஆர் தயங்கினால் அந்த வரியைக் காட்டினால் போதும். பட்டம் செல்லுமா என்று, வெளிநாட்டுப் படிப்புகளைப் பட்டியலிடும் அனபின் தளத்தில் தேடும்போது படித்த கல்லூரியின் பெயரைப் போட்டுவிட்டு "இல்லையே" என்று பதற வேண்டாம். இணைவுக் கல்லூரி என்றால் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் இருக்கும். ஐடி, கணக்கு போன்ற துறைகளுக்கு இதுவே போதும். நர்ஸ், டாக்டர், பிசியோதெரபிஸ்ட், ஆசிரியர் ஆகியோருக்குத் தனி அங்கீகாரம் தேவை. மொழித் தகுதியும் பி1 தாண்டிக் கேட்பார்கள். ஆசிரியர்களுக்குத்தான் பாதை மிக நீளம், பலர் கீட்டா (மழலையர் பள்ளி) பக்கம் போகிறார்கள்.

மாதம் 603 யூரோ வரை சம்பாதிக்கும் மினிஜாப் (சிறு பகுதிநேர வேலை) 2026இல் குடும்ப இன்ஷூரன்ஸைப் பாதிக்காது, ஆனால் அதிலேயே வருடக்கணக்காக நின்றுவிடக் கூடாது. முழு வேலை கிடைத்தால் வரி வகுப்பைப் பாருங்கள். அதுவரை நீங்கள் மூன்று (வரி குறைவாகப் பிடிப்பது), அவர் ஐந்து (அதிகமாகப் பிடிப்பது) என்று வைத்திருப்பீர்கள். அவருடைய முதல் சம்பளச் சீட்டில் கைக்கு வருவது சில நூறு யூரோ குறைவாக இருக்கும். வருடக் கணக்கில் வரி ஒன்றுதான் என்றாலும், "இதுக்கா காலையில் ஓடினேன்" என்று தோன்றிவிடும். பிள்ளைப்பேறு உதவித்தொகையும் வேலையிழப்புத் தொகையும் அந்தக் கைச்சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படும். இருவருக்கும் ஒரே அளவான நான்கு-நான்குக்கு மாற்ற எல்ஸ்டர் என்ற அரசு வரித் தளத்தில் ஒரு படிவம் போதும். குழந்தைக்குத் திட்டமிட்டால் மகப்பேறு விடுப்புக்குக் குறைந்தது ஏழு மாதம் முன்பே மாற்றியிருக்க வேண்டும்.

துணையாக வந்தவர் கணவராக இருந்தால் ஊரிலிருந்து வரும் "மாப்பிள்ளைக்கு வேலை கிடைச்சுதா?" வாரா வாரம் கேட்கப்படும். அதற்குப் பதில் சொல்வது முதலில் வந்தவரின் வேலை. "பார்த்துக்கிட்டு இருக்கார்" என்றால் அடுத்த வாரமும் கேட்பார்கள். "ஜூன்ல பி1 பரீட்சை, அதுக்கப்புறம்தான் அப்ளை பண்றார்" என்று மாதத்தைச் சொல்லிவிட்டால் ஜூன் வரை பேச்சு மழைக்கும் கல்யாணங்களுக்கும் போய்விடும்.