மேடைக்குப் பின்னால எந்தக் கொடி?

2015 கடைசியில போலந்துல பியாத்தா ஷிட்வோ பிரதமரா வந்ததும், பேட்டி குடுக்குற எடத்துல பின்னால நின்ன ஐரோப்பிய யூனியன் கொடியெல்லாம் காணாமப் போச்சு, போலந்துக் கொடி மட்டும் வரிசையா நின்னுச்சு. யூனியன விட்டுப் போறோம்னு அந்தம்மா சொல்லல, அங்கருந்து வர்ற காசு வேணாம்னும் சொல்லல, போட்டோவுல தெரியக்கூடாது, அம்புட்டுத்தான். அதே நாட்டுக்காரர் டொனால்ட் டஸ்க் அப்ப ஐரோப்பிய கவுன்சில் தலைவரு. 2017ல அவர திரும்ப அந்தப் பதவியில போட 27 நாடு சரின்னுச்சு, மாட்டேன்னது ஒரே ஒரு நாடு, அதுவும் அவரோட சொந்த நாடு!

அப்ப ஹங்கேரி பிரதமரா இருந்த ஓர்பான் இன்னும் கெட்டிக்காரரு. 2017ல 'பிரசல்ஸ நிப்பாட்டுவோம்'னு நாடு பூரா பிரச்சாரம், பிரசல்ஸ்னா யூனியன் தலைமையகம் இருக்குற ஊரு. 2024ல யூனியன் தலைமை சுத்துமுறையில அவங்க கைக்கு வந்ததும் 'ஐரோப்பாவ மறுபடி பெருசாக்குவோம்'னு சுலோகம். திட்டுறதுக்கு பிரசல்ஸ், பெருமைக்கு ஐரோப்பா, ரெண்டையும் பிரிச்சு வச்சுக்கிட்டாரு.

இது இலங்கை மலையகத்துல நம்ம ஹட்டன் பக்கத்து ஆளுகளுக்குப் புதுசா என்ன? கொழும்புல பேசுனா 'நாம எல்லாம் இலங்கையர்', சென்னையில மைக்கப் புடிச்சா 'தொப்புள்கொடி உறவு', தோட்டத்துப் பக்கம் ஓட்டுக் கேட்டு வந்தா 'மலையக மண்ணின் மைந்தர்'. 2017 மே மாசம் இந்தியப் பிரதமர் நோர்வூட் கிரவுண்டுக்கு வந்தப்ப நம்ம தலைவருங்க மேடையில பூரிச்சுப் போனத ஞாபகம் இருக்கும்ல. நான் அத நடிப்புன்னு சொல்ல மாட்டேன், மூணுமே உண்மைதான், எத எங்க எடுத்து விடணும்ங்கறதுலதான் அரசியல் இருக்கு.

ஆனா ஒன்னு, போலந்துக்காரங்க கிட்ட 2003ல வாக்கெடுப்பு வச்சு கேட்டாங்க, நூத்துக்கு 77 பேரு சேருவோம்னாங்க, அப்புறம் 2004 மே 1 சேந்தாங்க. யூனியன உருவாக்குன மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்துல வந்த யூனியன் குடியுரிமைங்கறது சொந்த நாட்டுக் குடியுரிமைக்கு மேல கூடுதலா வர்றது, இருக்குறதப் புடுங்குறது இல்ல. இந்தியாவுல இருந்து தோட்டத்துக்கு வந்த வம்சம் நம்மள, 1964ல இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 5,25,000 பேரு இந்தியாவுக்கு, 3,00,000 பேரு இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர பொறவு பாத்துக்கலாம்னு பங்கு போட்டப்ப நாம குடியிருந்த எந்த லயத்துலயும் (தோட்டத்து வரிசை வீடு) வந்து யாரும் கேக்கல. மிச்சம் மீதி நாடற்றவங்களுக்கு குடியுரிமை குடுக்குற சட்டம் வந்ததும் அதே 2003லதான். ஷிட்வோ கொடிய எடுத்தா போலந்துக்காரனுக்கு ஒன்னும் கொறையல, மறுநாளும் ஜெர்மனிக்கு வேலைக்குப் போயிருப்பான். நாம நாடில்லாம நின்னவங்க, அதனால நம்ம தலைவருங்க மட்டும் கொஞ்சம் பாத்துப் பேசுனா நல்லது.