மகளிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

என் மகள் உதட்டிலும் அண்ணத்திலும் பிளவுடன் பிறந்தவள். முகம் வளர வளர அதற்கேற்பப் பல ஆண்டுகள் தொடரும் சிகிச்சை இது என்று மருத்துவர் முதலிலேயே விளக்கினார். கைக்குழந்தையாக இருந்தபோதே உதட்டையும், பேசத் தொடங்குமுன், ஒரு வயதையொட்டி அண்ணத்தையும் தைத்துச் சீரமைத்தார்கள்.

உதட்டைத் தைத்ததுமே உறவினர்கள் இனிக் கவலையில்லை என்றார்கள். ஆனால் அண்ணம் மூடிய பிறகும், பேசும்போது மேலெழுந்து மூக்கின் வழியை அடைக்க வேண்டிய தசை முழுமையாக எட்டாததால், காற்று மூக்கு வழியே கசிந்தது. அவள் 'பாட்டு' என்றால் மற்றவர்களுக்கு 'மாட்டு' என்று கேட்டது. நடுச்செவியில் நீர் தேங்கிச் செவித்திறனும் குறைந்ததால், செவிப்பறையில் சிறு குழாய் பொருத்தினார்கள்.

அவளுக்கு எட்டு வயதானபோது 'கிளெஃப்ட்-க்யூ' என்ற வினாத்தாளைக் கொடுத்தார்கள். 8 முதல் 29 வயது வரை பிளவுடன் வாழ்பவர்கள் தாங்களே நிரப்புவது அது. தோற்றம், பேச்சு, உண்பது, பள்ளி, நட்பு, மனநிலை என எல்லாவற்றையும் கேட்கிறது. பெற்றோர் வெளியே காத்திருக்க வேண்டும் என்றார்கள். அந்த ஏற்பாடு மிகச் சரியானது என்றே இன்றும் கருதுகிறேன், ஏனெனில் நாங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் எங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பதில் எழுதியிருப்பாள். தழும்பு அவளை அவ்வளவாக வருத்தவில்லை. சொன்னதையே திரும்பச் சொல்லச் சொல்கிறார்கள் என்பதும், வகுப்பில் வாய்விட்டு வாசிக்க அஞ்சுவதும்தான் பதில்களில் மேலோங்கி இருந்தன.

அதன் பிறகு சிகிச்சையின் வரிசையே மாறியது. மூக்கு வழியே மெல்லிய கேமராவைச் செலுத்தி, அவள் பேசும்போது அண்ணம் எப்படி அசைகிறது என்று பார்த்தார்கள். பேச்சுக்கான அறுவை சிகிச்சை முதலிலும் தொடர்ந்து பேச்சுப் பயிற்சியும் நடந்தன. கோரைப்பல் முளைக்குமுன், பற்களைத் தாங்கும் மேல் ஈறு எலும்பில் பிளவால் இருந்த இடைவெளியை இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்பால் நிரப்பினார்கள். வாயைவிட இடுப்புதான் அதிகம் வலித்தது என்றாள். இதை முன்கூட்டியே குழந்தையிடம் சொல்லிவைப்பது நல்லது.

மூக்கின் வடிவத்தைத் திருத்தும் அறுவை சிகிச்சையை முகவளர்ச்சி நின்ற பிறகே செய்வது வழக்கம் என்பதால் அது இன்னும் மீதமிருக்கிறது. அது வேண்டுமா என்று மருத்துவர் அவளிடமே கேட்கிறார். இப்போதைக்கு வேண்டாம் என்கிறாள்.