செவலை ஈன்ற நாட்கள்

பிப்ரவரி 9
செவலைப் பசுவுக்குச் சினையின் 278-ஆவது நாள். மடி கட்டிவிட்டது. காம்பு நுனிகளில் மெழுகு படிந்தாற்போல் இருக்கிறது. வாலடியில் இருபுறமும் கயிறுபோல் விறைத்திருந்த நார் இன்று விரலுக்குக் கொழகொழவென்று அமுங்குகிறது. சினைக்காலம் 280 நாளை ஒட்டி என்பார்கள், ஒரு வாரம் முன்னே பின்னே போவது சகஜம். நாட்காட்டியைவிட வாலடியை நம்பலாம்.

தனிக்கொட்டில் கேட்டின் கொண்டி சிக்குகிறது. இரண்டு கையும் வேண்டியிருக்கிறது. எண்ணெய் விட வேண்டும்.

பிப்ரவரி 10
காலையில் உடல் வெப்பம் 38.9 டிகிரி செல்சியஸ், மாலையில் 38.3. சாதாரணமாக மாலையில் சற்று ஏறும். இறங்கியிருக்கிறது என்றால் ஒரு நாளுக்குள் ஈனும். மந்தையை விட்டு விலகி மூலையில் நிற்கிறது, தண்ணீருக்கும் கடைசியாக வருகிறது. கொட்டிலில் புது வைக்கோல் பரப்பியாயிற்று.

பிப்ரவரி 11
அதிகாலை 1.10 பனிக்குடம் தெரிந்தது. 1.45 இரண்டு முன்னங்குளம்புகள், அடிப்பக்கம் தரையைப் பார்த்தபடி, மேலே மூக்கு. சரியான நிலை. 2.05 கன்று விழுந்தது. யாரும் உள்ளே போகவில்லை.

இந்த அரைமணி நேரத்தைத் தாய்க்கு விட்டுவிட வேண்டும். கன்று மூச்சு விடாமல் கிடந்தாலோ, மூக்கில் சவ்வு மூடியிருந்தாலோ மட்டும் நாம் கை வைக்கலாம். நாசியை வழித்துவிட்டு, வைக்கோல் நுனியால் மூக்குத்துளைக்குள் சீண்டினால் பெரும்பாலும் தும்மிக்கொண்டு மூச்சு வந்துவிடும். மற்றதெல்லாம் நாக்கின் வேலை. அந்தச் சொரசொரப்பான நாக்கு ஈரத்தை எடுக்கிறது, ரத்த ஓட்டத்தைத் தூண்டுகிறது, கன்றை எழ வைக்கிறது. அதோடு கன்றின் வாசம் தாய்க்குள் பதிகிறது. கருப்பைவாய் விரியும்போது மூளையில் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அதுவரை முகம் சுளிக்க வைத்த பனிக்குட நீரின் வாசம் அப்போது இனிக்கத் தொடங்குகிறது. வாயை மூடியபடியே அடித்தொண்டையில் “ம்ம்... ம்ம்...” என்று ஒரு குரல் கொடுக்கிறது. கன்றுக்கென்றே வைத்திருக்கும் குரல்.

2.50 எழுந்து நின்றது, நான்காவது முயற்சியில். 3.20 காம்பைப் பிடித்துவிட்டது. மாட்டின் நஞ்சுக்கொடி வழியே நோய் எதிர்ப்புப் பொருள் கன்றுக்குப் போவதில்லை, எல்லாம் சீம்பாலில்தான். அதைக் கிரகிக்கும் குடல் 24 மணி நேரத்தில் மூடிக்கொள்ளும், நேரம் ஆக ஆகப் பலன் குறையும். 35 கிலோ கன்றுக்கு முதல் 12 மணி நேரத்தில் மூன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும்.

இன்னொரு சினைப்பசு மயிலை வேலியோரம் வந்து முகர்ந்துகொண்டே இருக்கிறது. அதற்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. ஈனப்போகும் பசு அடுத்தவள் கன்றைத் தன்னுடையது என்று நக்கிச் சொந்தம் கொண்டாடும். அந்தக் கன்று அதன் சீம்பாலைக் குடித்துத் தீர்த்தால், பிறகு பிறக்கும் சொந்தக் கன்றுக்கு ஒன்றும் மிஞ்சாது. மயிலையை அப்பால் மாற்றியாயிற்று.

7.30 நஞ்சுக்கொடி விழுந்தது. 12 மணி நேரம் வரை பொறுக்கலாம், அதற்கு மேல் மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். இழுக்கக் கூடாது, தொங்குவதில் கல் கட்டவும் கூடாது. கருப்பை கிழியும்.

பிப்ரவரி 11, இரவு
தொப்புள் வேலை காலையிலேயே முடிந்தது, ஆனால் மனம் அங்கேயே நிற்கிறது. அந்தக் கொண்டி.

முறை இதுதான். இரண்டு பேர். ஒருவர் கன்றைப் பார்க்க வேண்டும், மற்றவர் பசுவை மட்டுமே பார்க்க வேண்டும். கன்றைக் கேட்டுக்கு வெளியே இழுத்து, கேட்டைப் போட்டுவிட்டு, கம்பிகளுக்கிடையே தாயின் மூக்கு கன்றை எட்டும்படி வைத்துக்கொண்டு வேலை பார்க்க வேண்டும். சின்னக் கோப்பையில் 7 சதவீத டிஞ்சர் அயோடின், தொப்புள்கொடி அடிவரை நனையும்படி முக்கி எடுத்தால் போதும். மொத்தம் ஒரு நிமிடம். கண்மறைவாக எடுத்துப்போனால் பசு நம்மைத் தொடராது, ஈன்ற இடத்துக்கே திரும்பி ஓடித் தேடும். மறுபடி நாம் கன்றோடு வரும்போது இரட்டைக் கோபத்தில் இருக்கும். வாசம் உள்ள சோப்பு, தைலம் எதுவும் கையில் இருக்கக் கூடாது. முதல் நாட்களில் கன்றை அது அறிவது மூக்கால். குரலும் உருவமும் பின்னால்தான் பழகும்.

மிரட்டலுக்கு ஒரு வரிசை உண்டு. அசைபோடுவது நின்று, காது நம் பக்கம் திரும்பும். பிறகு உடம்பைக் குறுக்கே திருப்பித் தன் முழு நீளத்தையும் காட்டி நிற்கும். அடுத்துத் தலை தாழும், மூச்சு சீறும், முன்னங்கால் மண்ணை வாரும். அதற்கப்புறம் முட்டுதான். ஈன்ற பசு இந்த வரிசையில் நடுப்படிகளை விட்டுவிட்டு நேராக முட்டுவதும் உண்டு. எனவே காது திரும்பும்போதே விலகத் தொடங்க வேண்டும். முதுகு காட்டாமல், ஓடாமல், பக்கவாட்டில் வேலியை நோக்கி. தாய்க்கும் கன்றுக்கும் நடுவே எந்தக் காரணத்துக்காகவும் நிற்கக் கூடாது. உள்ளே போகுமுன் வெளியேறும் வழியைப் பார்த்து வைத்திருக்க வேண்டும். அந்த வழி ஒரு கையால் திறக்க வேண்டும். இன்று திறக்கவில்லை. செவலை குறுக்கே திரும்பிய நிலையோடு நிறுத்திக்கொண்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பிப்ரவரி 12
நாய் இன்றிலிருந்து கட்டிப்போட்டபடியே. சாதுவான பசுவுக்கும் நாய் என்றால் ஓநாய்தான். துரத்தப்பட்ட நாய் ஆளைத் தேடி ஓடிவரும், பின்னாலேயே பசுவும் வரும். நாயைக் கூட்டிக்கொண்டு போகும்போது பசு பாய்ந்தால் வாரை விட்டுவிட வேண்டும். நாய் தப்பித்துக்கொள்ளும்.

பிப்ரவரி 12, மாலை
மேய்ச்சலில் கன்றைக் காணோம். தேடித் திரிவது வீண். மாட்டுக்கன்று முதல் நாட்களில் ஒளிந்து கிடக்கும் இனம். புல்லுக்குள் கழுத்தை நீட்டிப் படுத்துவிடும், காலடியில் இருந்தாலும் அசையாது. தாய் தள்ளிப்போய் எதிர்ப்பக்கம் பார்த்து மேயும். அக்கறை இல்லாததுபோல் தெரியும், ஆனால் காது மட்டும் அங்கேயே. கையால் தூக்கினால் கன்று அலறும், அந்த அலறலுக்குச் செவலை மட்டுமல்ல, மந்தையே வரும். பால் கொடுக்கும் நேரத்தில் அதுவே போய்க் குரல் கொடுத்தது, கன்று எழுந்தது.

பிப்ரவரி 13
கேட்டில் நின்றேன். செவலை திரும்பிப் பார்க்கவில்லை. நல்ல மாற்றம்.

பிப்ரவரி 13, இரவு 8 மணி
நல்ல மாற்றம் இல்லை. கன்று அருகில் இருக்க, ஆள் உள்ளே வந்தும் காது திரும்பவில்லை. தொட்டால் காது சில்லென்று இருக்கிறது. அசைபோடவில்லை, சாணி போடவில்லை, மூக்கு காய்ந்திருக்கிறது. படுத்து, கழுத்தை வளைத்துத் தலையை விலாவில் சாய்த்துவிட்டது. ஈன்று 66 மணி நேரம். பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல், உடம்பு சூடாகாது, குளிரும். பாலில் இறங்கும் சுண்ணாம்புச்சத்துக்கு ஈடாக ரத்தத்துக்கு வந்து சேரவில்லை, தசை ஓய்கிறது. ஒருக்களித்துச் சரிய விடாமல் நெஞ்சின் மேல் நிமிர்த்தி உட்கார வைத்து, இருபக்கமும் வைக்கோல் கட்டு முட்டுக்கொடுத்தாயிற்று. இல்லாவிட்டால் வயிறு உப்பும். வாயில் எதையும் ஊற்றவில்லை. விழுங்க முடியாத மாட்டுக்கு அது நுரையீரலுக்குப் போகும்.

9.40 மருத்துவர் கால்சியத்தை ரத்தநாளத்தில் ஏற்றினார், மெதுவாக, இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டே. வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும்.

10.15 உடம்பு நடுங்கியது, ஏப்பம், பிறகு சாணி. 10.50 எழுந்தது. என்னைப் பார்த்துச் சீறியது. அப்பாடா.

பிப்ரவரி 14
மறுபடி சரிய வாய்ப்புண்டு என்பதால் மூன்று மணிக்கொரு முறை காதைத் தொட வேண்டும். தொடவிடவில்லை. போதும்.

பிப்ரவரி 17
காரி தலையீற்றுப் பசு. 5.20-க்கு ஈன்று, திரும்பிப் பார்த்து, மிரண்டு பின்வாங்கியது. கன்று எழுந்து மடிக்கு வந்ததும் உதைத்தது. வலியும் பயமும் சேர்ந்தது, வெறுப்பு என்று பெயர் வைப்பதற்கு இன்னும் நேரமிருக்கிறது. ஆனால் பிரித்து வைத்துச் சில மணி நேரம் போனால் அதுவே வெறுப்பாகும். பனிநீரை வழித்துக் காரியின் மூக்கிலும் நாக்கிலும் தடவி, கன்றின் முதுகில் உப்பும் தவிடும் தூவியாயிற்று. உப்புக்காக இரண்டு நக்கு. மூன்றாவது உப்பில்லாத இடத்தில்.

உதைப்பு நிற்கவில்லை. தலையைக் கட்டிப் பக்கத்தில் ஒட்டி நின்று ஊட்ட வைத்தோம். குடிக்கக் குடிக்க மடி இறங்கியது, கண் தளர்ந்தது.

பிப்ரவரி 18
காரி: கட்டாமலே நிற்கிறது. கன்று தலைகீழ்ப் பக்கமாக நின்று குடிக்க, இது அதன் வாலடியை முகர்ந்து நக்குகிறது. பின்பக்கம் கால்களுக்கிடையே திருட்டுத்தனமாகக் குடிப்பது வேற்றுக் கன்று. இது சரியாகிவிட்டது.

பிப்ரவரி 19
எண்ணெய் விட்டாயிற்று. இரண்டு சொட்டுதான். பத்து நாள்.

பிப்ரவரி 20
மயிலை மூலைக்குப் போய்விட்டது. மாலை வெப்பம் 38.4. வாலடி அமுங்குகிறது. கொண்டியை இடது கையால் நான்கு முறை திறந்து பார்த்தேன்.