கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு துண்டு

இங்கிலாந்தின் போல்ட்டன் ஊரில் ஒரு டீக்கடை. பக்கத்து மேசைப் பெரியவர் ஊர்ப் பேப்பரை விரித்ததும் நேராக மரண அறிவிப்புப் பக்கத்துக்குத்தான் போனார்.

விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். ஒன்றில் நின்றார். மெதுவாக அதைக் கிழித்து, மடித்து, மூக்குக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் விட்டுப்போன பேப்பரை நானும் புரட்டினேன். கிழித்த இடத்தில் ஓட்டை. பக்கத்து அறிவிப்பில், 'பூக்கள் குடும்பத்தார் மட்டும். விரும்பினால் ஹாஸ்பிஸுக்கு நன்கொடை.' ஹாஸ்பிஸ் என்றால் கடைசிக் காலத்தில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லம். அன்புக்கும் பேப்பரில் பிடிக்கிற இடத்தைப் பொறுத்துத்தான் காசு. அதனால் சுருக்கமாகவே அழுகிறார்கள்.

கீழே சட்ட அறிவிப்பு ஒன்று. 1925 டிரஸ்டீ சட்டப்படி, இறந்தவரின் சொத்தைப் பிரித்துக் கொடுப்பவர்கள் அரசிதழான லண்டன் கெசட்டிலும் ஊர்ப் பேப்பரிலும் விளம்பரம் கொடுத்து, கடன்காரர்களுக்காகக் குறைந்தது இரண்டு மாதம் காத்திருப்பார்கள். அப்புறம் தெரியாத கடன் எதுவும் முளைத்தால் அவர்கள் கையைக் கடிக்காது.

மேலே கண்ணீர், கீழே கணக்கு. ஒரே பக்கம்.

1867-இல் தொடங்கிய பேப்பர் இது. இப்போது சாவுச் செய்தியும் முதலில் ஃபோனுக்குத்தான் வருகிறது. சரி, வரட்டும்.

ஃபோனைக் கிழித்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க முடியாதே.